உள்ளே வரலாமா என்று கேட்டவர்

கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டு நின்றபோது நசீர் போன் எடுத்தான். காலை ஒன்பது மணி இருக்கும். நசீர் இப்போது முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிறான். முன்பு எங்களோடு கண்ணிவெடி அகற்றும் வேலையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஒரு பகிடி விடாமல் கதை தொடங்கத் தெரியாதவன், அன்று "அக்கா, எங்கை நிக்கிறியள்?" என்று மட்டும் கேட்டான்.

"தோட்டத்திலை. ஏன்?"

"ஒருக்கா இருங்கோ அக்கா."

"நான் நிண்டுகொண்டே கேப்பன். சொல்லு."

"கலேயோ சேர் மௌத்தாகிட்டார்."

கையிலிருந்த செடியை மண்ணோடு வேலியில் ஓங்கி அடித்தேன். கச்சான் நாலாபக்கமும் சிதறியது. எனக்குத் துக்கம் வந்தாலும் கைதான் முதலில் போகும். அந்தக் கை செய்த ஒரு காரியமும் இந்தக் கட்டுரையில் வரும்.

ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த கலேயோ அவர்களைப் பளைப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரைத் திட்டுவார்கள். வெடி அகற்றிய காணியைச் சனத்திடம் கையளித்த விருந்தன்று சுகந்தி என்ற இளம்பெண் வெடித்துச் செத்தாள். அதற்கு அவருடைய கவனக்குறைவே காரணம் என்று ஊர் சொல்கிறது. விசாரணை அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. அது பொய். அந்தப் பொய்யைத் தொடாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

அவருடைய மகள் அனுப்பிய குரல்பதிவை நசீர் தமிழில் சொன்னான். சாம்பலைக் கடலில் விடுவதற்கு முன்னர், போனவரோடு யாருக்காவது சொல்லாமல் கிடக்கும் விடயம் இருந்தால் அதைச் சொல்லி முடிக்க வேண்டுமாம். தூரத்தில் இருப்பவர்கள் எழுதி அனுப்பினால் கரையில் நின்று வாசிப்பார்களாம். "அப்பா உங்கள் பெயரை மட்டும் தனியாகச் சொன்னார்" என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தது.

அவர் எங்களிடம் வந்த நாளைச் சொல்கிறேன். வெளிநாட்டு நிபுணர் வருகிறார் என்றதும் நாங்கள் ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்து நின்றோம். வாகனத்திலிருந்து இறங்கியவர் எங்களைப் போலவே நிறம், கதவை அடைக்கிற உடம்பு, நரைத்த குடுமி. சுகந்தி என் காதுக்குள் "அக்கா, இது எங்கடை ஐயர் ஒருத்தர் நல்லாச் சாப்பிட்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். அணியில் அவள்தான் வயது குறைந்தவள். தகப்பனையும் தமையனையும் கடைசிச் சண்டையில் கொடுத்துவிட்டு, தாய் இராசம்மா மாமியோடு தனியாக இருந்தாள். அவள் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்.

முதல் நாளே அவர் நிலத்தின் ஓரத்தில், வெடி கிடக்கும் எல்லையைக் காட்டும் சிவப்புத் தடிகளுக்கு இப்பால் நின்று, நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு குரல் எடுத்தார். பாட்டென்றும் சொல்ல முடியாது, ஓதுவது என்றும் சொல்ல முடியாது. பிறகு பதிலுக்குக் காத்து நிற்பவர் போல அசையாமல் நின்றார். அவருடைய ஊரில் இன்னொருவரின் இடத்துக்குள் கால் வைக்க முன்னர் வாசலில் நின்று இப்படி அனுமதி கேட்க வேண்டுமாம். உள்ளே இருப்பவர்கள் பதில் பாடி அழைத்தால்தான் போகலாமாம்.

"இஞ்சை ஆரிட்டைக் கேக்கிறாராம்?" என்று நான் நசீரிடம் கேட்டேன்.

"இதுக்குள்ளை கிடக்கிறவையிட்டையாம் அக்கா."

"கிடக்கிறவை ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். வெயில் ஏறுது, வேலையைத் தொடங்கச் சொல்லு."

நசீர் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டான். அவர் சிரித்தார். அடுத்த நாளும் வந்து அதே இடத்தில் நின்று கேட்டார்.

எனக்கு அப்போது யாரிடமும் அனுமதி கேட்கிற மனநிலை இல்லை. என் கணவர் பங்கர் வாசலில் செல் குண்டு விழுந்து சிதறினார். கிடைத்ததை அதே பங்கருக்குள் போட்டு, சமையல் சட்டியால் மண் அள்ளி மூடிவிட்டு, ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான். அந்தப் பிள்ளைக்குச் சோறு போடத்தான் இந்த வேலைக்கு வந்தேன். வேலை தொடங்கி மூன்றாவது கிழமை, ஒரு மிதிவெடிக்கு ஒரு சாண் பக்கத்தில், மண் கிண்டும் என் கரண்டியில் ஒரு கீழ்த்தாடை வந்தது. பால்பற்கள். கலேயோ சேர் என் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டு, முகக்கவசத்துக்குள்ளேயே அழுதார். அதன் பிறகு அவர் காலையில் கேட்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

அவர் செய்த பெரிய கூத்து பூமாலைக் கூத்து. முதல் மாதம் யாருக்கும் காயமில்லாமல் முடிந்தது. அவருடைய ஊரில் வேலை முடிந்தாலும், விருந்தாளி வந்தாலும், பிள்ளை பாஸ் பண்ணினாலும் கழுத்தில் மாலைதானாம். கோயில் வீதியில் நின்ற ஈழத்தலரி மரத்தில் பூப் பொறுக்கி, இரவல் ஊசியால் தானே கோத்துக்கொண்டு வந்திருந்தார். வரிசையில் முதலில் நின்றவள் நான். நசீர் "சேர், சேர்" என்று ஓடி வருவதற்குள் மாலை என் கழுத்தில் விழுந்துவிட்டது.

விதவை ஒருத்தியின் கழுத்தில், முப்பது பேர் பார்க்க, ஓர் ஆம்பிளை மாலை போட்டால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்! பெண்கள் வாயைப் பொத்தினார்கள். சுகந்தி நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மாலையை இழுத்து அறுத்து அவருடைய காலடியில் எறிந்தேன். நசீர் காதுக்குள் விளங்கப்படுத்த, அவருடைய முகம் செத்துப்போயிற்று. குனிந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கினார். கொடுத்த மாலையை எறிவது கொடுத்தவரின் அன்பையே எறிவது என்று அவருடைய ஆட்கள் நினைப்பார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த மாதத்திலிருந்து மாலைகளை நிலத்தின் ஓரத்தில் நின்ற பாலைமரக் கொப்பில் தூக்கிவிட்டுத் தள்ளி நிற்பார். விரும்பியவர்கள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சுகந்தி எப்போதும் இரண்டு எடுப்பாள். "ஒண்டு எனக்கு, ஒண்டு எங்கடை கலியாணப் பொம்பிளைக்கு" என்று என் தலையில் வைப்பாள். அவளுக்கு நான் அடிக்கக் கை ஓங்குவேன், அவள் ஓடுவாள்.

வேலையில் அவர் பொல்லாத மனிதர். எங்களிடம் அவர் பிடித்த முதல் தமிழ் வசனம் "திரும்பப் பாத்தனீங்களோ?" என்பது. நிலத்திலிருந்து ஓர் இரும்பை எடுத்தால், அதே இடத்தில், இரும்பு இருந்தால் கத்துகிற கருவியை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். மேலே கிடந்த துண்டின் சத்தத்துக்குள் கீழே கிடப்பதன் சத்தம் ஒளிந்திருக்கும். அணியில் ஒருத்தி அதைத் தவறவிட்டு மூன்று விரல்களை இழந்தாள். பளை வைத்தியசாலை வரைக்கும் அவளுடைய கையைத் தன் கைக்குள் அமத்திப் பிடித்தபடி போனவர் அவர். சட்டை, காற்சட்டை, சப்பாத்து எல்லாம் இரத்தம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு நூறு தடவை அதையே கேட்டார். மதியச் சாப்பாட்டில் யாராவது மீன் துண்டை எடுத்தால் சுகந்தி அவருடைய குரலில் "திரும்பப் பாத்தனீங்களோ?" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு கார்த்திகை மாதம், பொழுது படும் நேரம், வாகனத்துக்குக் காத்து நின்றோம். மழை விட்டிருந்தது. கிழக்கு வானத்தில் எழும்பிய கார்த்திகை வெள்ளிக் கூட்டத்தைக் காட்டி, தங்கள் பெரிய திருநாளும் அது எழும்பினால்தான் தொடங்கும் என்றார். நாலு மாதம். விளையாட்டு, விருந்து, ஆட்டம். அந்த நாலு மாதமும் சண்டை பிடிப்பது பழைய காலத்தில் அடியோடு விலக்காம்.

"நாலு மாசமோ?" என்றேன். "எங்களுக்கு நாலு நாள் விட்டிருந்தால் காணும், என்ரை மனிசன் இருந்திருப்பார்."

நசீர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. அன்றுதான் தன் ஊருக்கு எதிரே இருந்த தீவைப் பற்றிச் சொன்னார். அவருடைய முன்னோர் கும்பிட்ட இடங்கள் உள்ள தீவு. அமெரிக்கப் படையினர் அதை எடுத்து, வருடக்கணக்காகக் குண்டு போட்டுப் பழகினார்களாம். சனங்கள் போராடித் திரும்ப வாங்கியபோது நிலம் முழுக்க வெடிக்காத குண்டுகள். அவர் இந்த வேலையைப் பழகியது அங்கேதான். அந்த மண்ணில் முதல் முதல் திரும்ப அந்தத் திருநாளைக் கொண்டாடியபோது தானும் நின்றதாகச் சொல்லிக் கையை நெஞ்சில் வைத்தார். எங்களுடைய நிலத்திலும் ஒரு நாள் அப்படிக் கொண்டாட வேண்டும் என்றார்.

அந்த நாள் ஒரு தை மாதத்தில் வந்தது. நிலம் முடிந்து, காணிக்காரர்கள் திரும்பி வரும் நாள். அதில் ஒரு துண்டு என்னுடையது. ஊர் பொங்கல் என்றது. சேர் தங்கள் முறையில் நிலத்துக்குள் அடுப்பு வைக்கிறேன் என்றார். கிடங்கு வெட்டி, விறகும் கல்லும் போட்டு எரித்து, கல் சிவந்ததும் வாழைத்தண்டு பரப்பி, இலையில் சுற்றிய இறைச்சியையும் வற்றாளைக் கிழங்கையும் வைத்து மண்ணால் மூடுவது. நசீருக்காக ஆடும் கோழியும் பள்ளிவாசல் முறையில் அறுபட்டு வந்தன. பளையில் கிடைக்கிற சுண்ணாம்புக்கல் சூட்டில் வெடிக்கும் என்று, கனகராயன்குளத்திலிருந்து கருங்கல் ஏற்றி வந்து பத்து நாள் வெயிலில் காய வைத்தார். அவ்வளவு கவனம்.

நாங்கள் பார்த்துக் கொடுத்தது மேல்மண் மட்டும்தான். கிடங்கு இடுப்பளவு. அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வெட்டி முடிந்ததும் அடிமண்ணைப் பார்க்கும்படி கருவியை என்னிடம் தந்தார், ஏனென்றால் அணியில் கெட்டிக்காரி நான். கருவி கத்தியது. தோண்டினேன். துருப்பிடித்த தகர மீன் ரின் ஒன்று வந்தது. பங்கருக்குள் இருந்த சனம் தின்றுவிட்டுப் போட்டது. அதே நேரம் என் காணிப் பக்கமிருந்து "தவம், பால் பொங்கப் போகுது, ஓடி வா" என்று கூப்பிட்டார்கள். என் சொந்தக் காணியில், அத்தனை வருடத்துக்குப் பிறகு வைத்த முதல் பானை. பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ரின்னை வெளியே எறிந்துவிட்டு ஏறினேன். சேர் மேலே நின்று கேட்டார்:

"தவம், திரும்பப் பாத்தனீங்களோ?"

"ஓம் சேர், பாத்தனான்."

பார்க்கவில்லை. இதுதான் நான் யாருக்கும் சொல்லாத விடயம். பால் கிழக்கே வழிந்தது. எல்லோரும் குரவையிட்டார்கள், நானும் இட்டேன்.

நெருப்பு ஒன்றரை மணித்தியாலம் எரிந்தது. சுகந்தி பிளந்த வாழைத்தண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடங்கடிக்குப் போனாள். நிலம் ஒருமுறை மேலே வந்தது. சத்தம் எனக்கு ஞாபகமில்லை. சிவந்த கற்கள் வானத்திலிருந்து விழுந்ததுதான் ஞாபகம். ஒன்று என் பொங்கல் பானையை உடைத்தது, ஒன்று ஒரு முதியவரின் தோளை நொறுக்கியது. ரின்னுக்குக் கீழே வெடிக்காத எறிகணை ஒன்று கிடந்திருக்கிறது. கலேயோ சேர் நெருப்புக்குள் இறங்கி அவளை வெறுங்கையால் தூக்கி வந்தார். அவருடைய உள்ளங்கைத் தோல் அவளுடைய சட்டையில் ஒட்டி உரிந்து வந்தது. நான் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன்.

"அக்கா, கால் சுடுது" என்றாள். அவளுக்குக் கால் இருக்கவில்லை. வாகனம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குக் கட்டுப்போட்ட இரண்டு கைகளோடும் அவர் வந்தார். இராசம்மா மாமி எழும்பி வந்து, "என்ரை பிள்ளையைச் சுட்டுத் தின்னவோ வந்தனி?" என்று கேட்டு முகத்தில் காறித் துப்பினார். அவர் துடைக்கவில்லை. துடைக்கக் கையும் இல்லை. பிறகு இரண்டு தடவை மாமியின் வாசல் படலைக்கு வந்து, அந்த நீளக் குரலில் உள்ளே வரலாமா என்று கேட்டார். மாமி இரண்டு தடவையும் ஊத்தைத் தண்ணீரை வாளியோடு ஊற்றினார்.

விசாரணையில் கிடங்கின் அடியைப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்க முன்னரே "நான்" என்றார் அவர். நான் திறந்திருப்பேனோ என்பது எனக்கே தெரியாது.

அவர் வேலையை விட்டுப் போவதற்கு முதல் நாள், எங்களைப் பாலைமரத்தின் கீழ் இருத்தினார். அவருடைய ஆட்களிடம் ஒரு குடும்ப வழக்கம் உண்டாம்: வீட்டில் ஒரு முறிவு வந்தால் எல்லோரும் கூடியிருந்து, தான் செய்த பிழையை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லி, ஒருவரை ஒருவர் விடுவித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி சுகந்தியோடு கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்ததைச் சொன்னாள், ஒருத்தி கல் சுமக்க வராமல் ஒளித்ததைச் சொன்னாள். என் முறை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, பொறுமையாகப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது.

நான் எழும்பி, கிடந்த சிவப்புத் தடியை எடுத்து அவருடைய காதோடு சேர்த்து அடித்தேன். மறுபடி தோளில் அடித்தேன். "நீதான் அவளைச் சாகடிச்சனி, நீதான் சாகடிச்சனி" என்று கத்திக் கத்தி அடித்தேன். தடி முறிந்தது. இரத்தம் கழுத்தால் இறங்கிச் சட்டைக்குள் போனது. நசீர் என்னை இழுத்தபோது "விடு, விடு" என்று அவர் தமிழிலேயே சொன்னார். அவர் கை தூக்கவே இல்லை.

வாகனத்தில் ஏற முன்னர் நசீரை வைத்து என்னிடம் சொன்னது இது: "உங்களுடைய பிள்ளைக்குச் சோறு வேணும். எனக்கு ஊரில் வீடு இருக்கிறது. நீங்கள் சொல்லுகிற நாள் வரும். நான் வாசலில் நிற்பேன்."

அதன் பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும், அந்த வெள்ளி எழும்பும் நாட்களில், வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வரும். சுகமா என்று இல்லை, வேறு கதை இல்லை. நிலத்தின் ஓரத்தில் நின்று கேட்ட அதே அனுமதிக் குரல்தான். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஏழு கார்த்திகை வந்துவிட்டது, நான் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. என் பிள்ளை படித்தாள், நான் கச்சான் போட்டேன், பக்கத்து வளவில் மாமி அவரைச் சபித்துக்கொண்டிருந்தார். நானும் "ஓம் மாமி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நசீர் செய்தி சொன்ன அன்றே மாமியிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். சுளகால் அடித்தார். சுளகு பிய்ந்தது. பிறகு கையால் முகத்திலும் தலையிலும் அடித்தார். என் உதடு வெடித்தது. கலேயோ சேர் நின்ற மாதிரி நிற்கப் பார்த்தேன், கை தானாக எழும்பி முகத்தை மறைத்தது. மாமிக்கு மூச்சு முட்டி, கொட்டுண்ட அரிசிக்கு மேலேயே இருந்துவிட்டார்.

"அப்ப நான் துப்பினது ஆரிலை?"

"கலேயோ சேரிலை மாமி."

"அந்த மனிசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"இல்லை."

"நீ அண்டைக்கே சொல்லியிருந்தால் உன்னிலை துப்பியிருப்பன். நீ பக்கத்திலை கிடக்கிறாய். அந்த மனிசன்ரை முகத்தை நான் இனி எங்கை போய்த் துடைக்கிறது?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன். நசீர் மொழிபெயர்த்து அனுப்பினான். எழுதும்போது அழுதானாம். அறிக்கையைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும்.

சாம்பலைக் கடலில் விடும் நேரம் எங்களுக்கு மறுநாள் காலை ஏழு மணி. ஈழத்தலரிப் பூவில் ஒரு மாலை கோத்துக்கொண்டு என் காணியின் ஓரத்துக்கு, முன்பு அவர் நிற்கும் இடத்துக்குப் போனேன். படலைச் சத்தம் கேட்டது. மாமி வந்து எனக்குப் பத்தடி தள்ளி நின்றார். கலேயோ சேர் அனுப்பிய கடைசிக் குரல்பதிவைப் போட்டேன். அந்த நீளக் குரல் கச்சான் செடிகளுக்கு மேலாகப் போய் முடிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

மாமி வந்து என் கையிலிருந்த போனைப் பறித்தார். அதில் சேருடைய சிறிய படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, "வா தம்பி, உள்ளுக்கை வா" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் அந்த முகத்தைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்துவிட்டு, திரும்பவும் துடைத்தார். போனை என் பக்கம் நீட்டினார், என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை என்னோடு கதைக்கவுமில்லை.

மாலையைப் பாலைமரக் கொப்பில் தூக்கிவிட்டு வந்தேன். நிம்மதியாகப் போங்கள் சேர். கிடங்கடியில் நின்று நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள்.

இல்லை சேர். நான் திரும்பப் பாக்கேல்லை.